சுண்ணாம்பு என்று சொன்ன வெள்ளிக்கிழமை

தம்பிகளா, உங்கள் டாங்கருக்குப் பின்னால் ஒரு பலகை மாட்டியிருக்கிறதே, உள்ளே என்ன சரக்கு, எதைக் கண்டால் அதற்கு ஆகாது என்று படம் போட்டு எழுதிய பலகை, அதன்மேல் ஒரு கோணியைத் தொங்கவிட்டு ஓட்டினால் வழியில் கேள்வி கேட்கிறவர் தொல்லை குறையும் என்று உங்களில் ஒருவர் டோல்கேட் டீக்கடையில் யோசனை சொல்லிக்கொண்டிருந்தார். பக்கத்துப் பெஞ்சில் நான் உட்கார்ந்திருந்ததை அவர் பார்க்கவில்லை. பெயரைச் சொல்ல மாட்டேன். இதைப் படிக்கும்போது யார் முகம் சிவக்கிறதோ அவர்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. நான் அவரைவிடப் பெரிய முட்டாளாக இருந்தவன். அந்தப் பெருமையை விட்டுக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

எனக்கு அப்போது இருபத்தாறு வயது. சுதந்திரம் வந்து நாலைந்து வருஷம் ஆகியிருக்கும். துறைமுகத்தில் இறங்கும் சரக்கை எண்ணூர்ப் பக்கத்துக் கிடங்குகளுக்குக் கொண்டு சேர்க்கும் ஒரு லாரிக் கம்பெனியில் நான் சரக்கோடு கூடப் போகும் குமாஸ்தா. சரக்கைப் பார்த்து வாங்கிக் கையெழுத்துப் போடுவது, லாரியில் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து போவது, இறக்கிவிட்டு வருவது, இவ்வளவுதான் வேலை. என் கையெழுத்து இல்லாமல் ஒரு டிரம்கூட வெளியே வராது. எனக்கு அதில் கொஞ்சம் மண்டைக்கனமும் உண்டு.

அந்த வெள்ளிக்கிழமை என் கால் தரையில் படவே இல்லை. அடுத்த புதன்கிழமை எனக்குக் கல்யாணம். பெண் திருவொற்றியூர்க்காரி, பெயர் ராஜேஸ்வரி. பெண் பார்க்கப் போன அன்று வெட்கத்தில் நான் அவளைப் பார்க்கவில்லை, அவள் கொண்டுவந்த காப்பி டம்ளரைத்தான் பார்த்தேன். அது எவர்சில்வர் டம்ளர் என்பது மட்டும் நன்றாக நினைவிருந்தது. தாலி கட்டுவதற்கு முன்னால் ஒரு தடவையாவது முகத்தைப் பார்த்துவிட வேண்டாமா? வெள்ளிக்கிழமைதோறும் அவள் அம்மாவோடு வடிவுடையம்மன் கோயிலுக்கு வருவாள், உச்சிவேளையில் நடை சாத்துவதற்குள் வெளியே வருவாள் என்று துப்பு கிடைத்திருந்தது. எங்கள் லாரியும் அந்த வழியாகத்தான் போக வேண்டும். அந்த நேரத்துக்குள் திருவொற்றியூர் போய்ச் சேர்ந்துவிட வேண்டும், அவ்வளவுதான் என் மூளையில் இருந்தது. வேறு எதற்கும் அங்கே இடமில்லை.

அன்றைய சரக்கு இருபது டிரம் கார்பைடு. பார்வைக்குச் சாம்பல் நிறக் கருங்கல் ஜல்லிதான். காய்ந்திருக்கும்வரை பரம சாது. ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டால் போதும், புஸ்ஸென்று வாயு கிளம்பும். வெல்டிங் பட்டறையில் இரும்பையே அறுக்கிற வாயு அது. காற்றோடு கலந்த இடத்தில் ஒரு பீடி நெருப்பு பட்டாலும் போச்சு. அந்தச் சரக்கைத் தொடுகிற எங்கள் எல்லாருக்கும் அதன் வாசனை தெரியும். பூண்டு வாசனை.

டிரைவர் துலுக்காணம் என்னைவிட ஒரு வயது பெரியவன். யுத்தம் முடிந்தபிறகு பட்டாளத்தார் கழித்துக் கட்டிய லாரி ஒன்றை அவனிடம் கொடுத்திருந்தார்கள். அதை அவன் சாமியாகவே வைத்திருந்தான். வெள்ளிக்கிழமை காலையில் அதைக் குளிப்பாட்டி, மஞ்சள் தண்ணீர் தெளித்து, குங்குமம் வைத்து, பூச்சரம் சாத்தி, சூடம் காட்டினால்தான் சாவியைத் தொடுவான். தெளிப்பதென்றால் கொஞ்சநஞ்சமல்ல, சரக்கு ஏற்றும் மரப்பலகைகள்மீதெல்லாம் குடம் குடமாக ஊற்றுவான். பிறகு ஒரு மணி நேரம் வெயிலில் காயவிட்டுத்தான் ஏற்றுவோம். அன்று அந்த ஒரு மணி நேரத்தை வேண்டாமென்று சொன்னவன் யார் என்று நினைக்கிறீர்கள்? கல்யாண மாப்பிள்ளைதான்.

"பல்க இன்னும் ஈரமா கீது ரைட்டரே" என்றான் துலுக்காணம். குமாஸ்தா என்பதால் நான் அவனுக்கு ரைட்டர்.

"டிரம் இரும்புதானே? இரும்புக்குள்ள தண்ணி போயிடுமா?" என்றேன்.

போகும்படியாக ஒரு டிரம் இருந்தது. துறைமுகத்தில் இறக்குகிறவர்களின் கொக்கி பட்டு அதன் அடிப்பக்கத்தில் விரல் நுழையும் அளவுக்கு ஓட்டை. அதை ஒதுக்கி வை, மூன்று மணிக்கு அதிகாரி வந்து பத்தொன்பது டிரம்முக்கு வேறு சீட்டு எழுதித் தருவார் என்று துறைமுகக் கிடங்கு ஆள் சொன்னார். மூன்று மணிக்குக் கோயில் நடை சாத்தி அம்மனே தூங்கிக்கொண்டிருப்பாள். நான் ஒரு கோணித் துணியைக் கிழித்து ஓட்டையில் திணித்தேன், கையெழுத்துப் போட்டேன், ஏற்றச் சொன்னேன். ஈரப் பலகைமேல் கோணி அடைத்த ஓட்டை. கோணி தண்ணீரை உறிஞ்சி உள்ளே அனுப்பும் என்பது குழந்தைக்குத் தெரியும். எனக்குத் தெரியவில்லை.

தார்ப்பாயைப் போட்டுக் கட்டிக்கொண்டு கிளம்பினோம். ராயபுரத்தில் நுழைந்தபோதே கமகமவென்று பூண்டு வாசனை வந்தது.

"இன்னா ரைட்டரே, யார் வூட்லயோ மீன் கொழம்பு தூள் கெளப்புது!" என்றான் துலுக்காணம். அங்கே கிறிஸ்தவர் வீடுகள் அதிகம், வெள்ளிக்கிழமையில் கறி கிடையாது, மீன்தான். எனக்கும் பசி. ஆகா என்றேன். தண்டையார்பேட்டையிலும் மீன் குழம்பு மணத்தது. டோல்கேட்டிலும் மணத்தது. "மாப்ள ஊர்வலத்துக்கு வழியெல்லாம் விருந்து போடறாங்கபா!" என்று அவன் பீடியும் வாயுமாகச் சிரித்தான். நானும் விழுந்து விழுந்து சிரித்தேன். நாலு மைல் தூரம் ஒரே குழம்பு எங்களைத் துரத்திக்கொண்டு வருகிறது, இரண்டு கடோற்கசர்களுக்கும் சந்தேகமே வரவில்லை. கிடங்கில் எத்தனையோ நாள் முகர்ந்த வாசனைதான். ஆனால் அன்று என் மூக்கும் மாப்பிள்ளையாகிவிட்டிருந்தது.

கோயில் தெருவில் லாரியை நிறுத்தினோம். சரியான நேரம். ராஜேஸ்வரி அம்மாவோடு வெளியே வந்தாள், லாரியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், சிரித்தாள். அந்தச் சிரிப்பை விவரித்தால் இது பாதுகாப்புப் பாடமாக இருக்காது, விட்டுவிடுகிறேன். நான் பதிலுக்குச் சிரிக்க வாயைத் திறந்தேன். வண்டி நின்றுவிட்டதால் காற்றும் நின்று, வாசனை குப்பென்று மூஞ்சியில் அடித்தது.

துலுக்காணம் மெதுவாகக் கேட்டான். "ரைட்டரே, கோயில் தெரு. வெள்ளிக்கெயம. இங்க எவ வூட்ல மீன் கொழம்பு கொதிக்கும்?"

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அவன் வாயிலிருந்த பீடியை உள்ளங்கையிலேயே நசுக்கினான். எங்களுக்குப் பத்தடி தூரத்தில் பூக்கடைக்காரர் தட்டில் சூடம் எரிந்துகொண்டிருந்தது. ராஜேஸ்வரி இன்னும் சிரித்தபடி இரண்டு எட்டு முன்னால் வந்தாள்.

"வராதே! போ! அந்தப் பக்கம் போ!" என்று நான் கத்தினேன்.

அந்த முகம் வாடியதையும் அவள் அம்மா வாய் பிளந்ததையும் பார்த்தபடியே லாரியைக் கிளப்பிக்கொண்டு போனோம். வேறு வழியில்லை. ஓடுகிறவரை காற்று வாயுவைக் கலைத்துக்கொண்டே இருக்கும், நின்றால்தான் சேரும். ஊரைத் தாண்டி ஒரு நிமிஷம் நிறுத்தித் தார்ப்பாயைப் பிய்த்தெறிந்தோம். ஓட்டை டிரம் சீறிக்கொண்டிருந்தது, தொட்டால் சுட்டது. வடக்கே ஆளில்லாத உப்பளத்துப் பொட்டலில் இறக்கிவிடலாம் என்று விரட்டினோம். பொட்டலுக்கு அரை மைல் முன்னால், ஒரு மீனவர் குப்பத்துக்கு நேர் எதிரே, முன் டயர் வெடித்தது. அந்தச் சத்தத்தில் நாங்கள் இரண்டு பேரும் செத்தே போய்விட்டோம் என்று நினைத்து, பிறகு டயர் என்று தெரிந்து, ஒருவரை ஒருவர் கட்டிப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். பயத்தில் வருகிற சிரிப்பு அது, நிறுத்தவே முடியாது.

நிலைமையைச் சொல்லிவிடுகிறேன். சாலைக்குக் கிழக்கே கடல். மேற்கே குப்பம், நாற்பது ஓலைக் கூரைகள். உச்சிவேளை, ஒவ்வொரு கூரைக்கும் கீழே அடுப்பு எரிகிறது. கடல்காற்று எழும்ப ஆரம்பித்துவிட்டது. அது எங்கள் லாரியைத் தடவிக்கொண்டு நேராக அந்த அடுப்புகளைப் பார்த்துப் போகிறது. எங்கள் சிரிப்பு நின்றது.

டயர் சத்தம் கேட்டுப் பெண்கள் ஓடி வந்தார்கள். ஆண்களில் பாதிப் பேர் கடலில், மீதிப் பேர் கரையில் வலை உலர்த்திக்கொண்டிருந்தார்கள். வந்தவர்களுக்கு முன்னால் நின்றவள் அஞ்சலை. மீன் வியாபாரம் செய்கிறவள், நாற்பது வயதிருக்கும். அவள் குரல் எழுந்தால் மற்ற குரல்கள் உட்கார்ந்துவிடும் என்பதை அரை நிமிஷத்தில் புரிந்துகொண்டேன்.

"இன்னாபா, வண்டி பின்னால ஆவி வந்துகினு கீது? இன்னா ஏத்திகினு வர?"

தம்பிகளா, இந்த இடத்தில்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். கொக்கி ஓட்டை துறைமுகத்தின் தப்பு என்று சொல்லலாம். டயர் தலைவிதி. ஆனால் அந்தக் கேள்விக்கு நான் சொல்லும் பதில் முழுக்க முழுக்க என்னுடையது. உண்மையைச் சொன்னால் கூச்சல் எழும், போலீஸ் வரும், கம்பெனிக்குத் தெரியும், சீட்டில் என் கையெழுத்து இருக்கும், வேலை போகும். மாமனார் பெண் கொடுத்தது எனக்கா, என் வேலைக்கா? எல்லாம் ஒரே நொடியில் ஓடியது.

"சுண்ணாம்பு அக்கா. வெறும் சுண்ணாம்பு" என்றேன்.

"தூ, இவ்ளோதானா? அதுக்கா இப்டி நடுங்கினு நிக்கிற?" அஞ்சலைக்கு என்மேல் இரக்கமே வந்துவிட்டது. அந்தக் குப்பத்தில் கிளிஞ்சலைச் சுட்டுச் சுண்ணாம்பு எடுப்பது வழக்கம். அரைகுறையாகத் தண்ணீர் பட்ட சுண்ணாம்புதான் கொதித்துப் புகையும், நிறைய ஊற்றினால் அடங்கிவிடும் என்பது அங்கே எல்லாருக்கும் தெரியும். அவள் திரும்பிக் குரல் கொடுத்தாள்: "ஏ பொண்ணுங்களா! சுண்ணாம்பு கொதிக்குதாம், தம்பி பாவம் பேஜாருல கீது! ஆளுக்கொரு கொடம் எட்தாங்க!"

பத்துப் பன்னிரண்டு குடங்கள் வந்தன. அவ்வளவு நல்ல மனுஷிகள்! குடிக்க வைத்திருந்த தண்ணீரைத் தூக்கிக்கொண்டு எனக்கு உதவ ஓடி வருகிறார்கள்.

"வேணாங்க்கா, கம்பெனிச் சரக்கு, நனையக்கூடாது" என்று அடுத்த பொய்யை எடுத்து விட்டேன்.

"வெக்கப்படாத தம்பி" என்றாள் ஒருத்தி. சக்கரத்தில் கால் வைத்து ஏறிவிட்டாள். குடம் சாய்ந்துவிட்டது. துலுக்காணம் "ஐயோ ஐயோ" என்கிறானே தவிர அவனுக்குக் கை கால் ஓடவில்லை. நான் பாய்ந்துபோய் அந்தக் குடத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். தண்ணீர் முழுவதும் என் தலையில் கொட்டியது. நனைந்த கோழியாக நின்றுகொண்டு கத்தினேன்.

"பொய் சொன்னேன்! சுண்ணாம்பு இல்ல! கார்பைடு! தண்ணி பட்டா வாயு வரும், அந்த வாயுல நெருப்பு பட்டா வெடிக்கும்! காத்து உங்க வூட்டுப் பக்கம் அடிக்குது! அத்தினி அடுப்பும் எரியுது! நாந்தான் ஓட்ட டிரம்ம ஏத்திகினு வந்தேன்!"

சாய்த்த குடங்கள் நிமிர்ந்தன. டிரம் சீறுவது எல்லார் காதிலும் விழுந்தது.

"எதுக்குடா பொய் சொன்ன?" என்றாள் அஞ்சலை.

"வேல போயிடும்னுக்கா."

ஒரு கணம் என்னைப் பார்த்தாள். அறை விழும் என்று நினைத்தேன். "உன்ன அப்பால பாத்துக்குறேன். இப்ப இன்னா செய்யணும், அத்த சொல்லு" என்றாள்.

சொன்னேன். நெருப்பு எதுவும் இருக்கக் கூடாது, அடுப்பு, விளக்கு, பீடி எதுவும். குழந்தைகளைக் கடல் பக்கம் கொண்டுபோக வேண்டும். டிரம்மை அலுங்காமல் இறக்கிப் பொட்டலுக்குக் கொண்டுபோக வேண்டும். அவள் கடைசிவரை கேட்டாள், திருப்பி ஒரு கேள்வி கேட்கவில்லை.

"தூக்குங்கடி கொடத்த! லாரிக்கு இல்ல, வூட்டுக்கு! அத்தினி அடுப்புலயும் ஊத்துங்க!"

லாரிக்கு வந்த தண்ணீர் முழுவதும் திரும்பிக் குப்பத்துக்குள் ஓடியது. நாற்பது அடுப்புகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சொய்ங், சொய்ங் என்று அணைந்தன. ஒரு நிமிஷத்தில் கூரைப் புகை நின்றது. கட்டிலில் படுத்துச் சுருட்டுப் பிடித்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் மட்டும், இப்போதுதான் பற்றவைத்தேன், அணைக்க முடியாது என்று மல்லுக்கு நின்றார். சுருட்டைப் பிடுங்கித் தண்ணீரில் போட்டுவிட்டு, நாலு பெண்கள் அவரைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு போய்க் கடலோரம் வைத்தார்கள். அவர் அங்கிருந்தும் திட்டிக்கொண்டே இருந்தார்.

கரையிலிருந்த ஆண்கள் இரண்டு கட்டுமரத் துண்டுகளை லாரியில் சாய்த்தார்கள். இரும்போடு இரும்பு உரசிப் பொறி கிளம்பக் கூடாது என்பதற்காக, நன்றாகக் காய்ந்த பழைய வலையில் டிரம்மைச் சுற்றி, மரத்தின்மேல் சறுக்கி இறக்கினார்கள். வலையில் கம்பு கோத்து ஆறு பேர் தோளில் தூக்கினார்கள். நான் முன்னால் ஓடிக்கொண்டு, "வேர்வை சொட்டக்கூடாது! யாரும் டிரம்மேல வேர்வை சொட்டாதீங்க!" என்று கத்தினேன். சித்திரை வெயிலில், ஆறு பேர் பாரம் சுமக்கும்போது.

"ரைட்டரே, மொதல்ல நீ தள்ளிப் போ. உன் சட்டைலருந்து ஆறே ஓடிகினு கீது" என்றான் துலுக்காணம். குனிந்து பார்த்தேன். சரக்குக்குப் பக்கத்தில் இருந்தவர்களில் சொட்டச் சொட்ட நனைந்திருந்தவன் நான் ஒருவன்தான். தூக்கியவர்கள் சிரித்த சிரிப்பில் கம்பு ஆடியது. சிரிக்காதீர்கள் என்று கத்தினேன், அதற்கும் சிரித்தார்கள்.

பொட்டலில் காய்ந்த மணலில் வைத்துவிட்டு, காற்றுக்கு எதிர்ப்புறமாக எட்டி உட்கார்ந்து காவல் காத்தோம். மற்ற பத்தொன்பது டிரம்களையும் தட்டித் தடவிப் பார்த்தோம், எதற்கும் குறையில்லை. பொழுது சாயும் நேரத்தில் சீற்றம் அடங்கியது. அதுவரை குப்பத்தில் ஒரு அடுப்பு எரியவில்லை. கடலிலிருந்து பசியோடு திரும்பிய ஆண்களுக்கு அன்று பழைய சோறுதான். அதிலும் எங்கள் இருவருக்கு ஒரு சட்டியில் வந்தது. அதைச் சாப்பிடும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது. சொல்லிக்கொள்வதில் வெட்கமில்லை.

மறுநாள் காலை நடந்ததை ஒன்று விடாமல் எழுதி மேனேஜரிடம் கொடுத்தேன். அவர் படித்துக்கொண்டிருக்கும்போதே என் வருங்கால மாமனார் உள்ளே வந்தார். மாப்பிள்ளை கோயில் வாசலில் பெண்ணை விரட்டினார், சித்தம் சரியாக இருக்கிறதா என்று விசாரிக்க வந்திருக்கிறார்! மேனேஜர் என் காகிதத்தை அவரிடம் நீட்டினார். இரண்டு பேரும் மாறி மாறிப் படித்தார்கள். வேலையும் கல்யாணமும் ஒரே காகிதத்தில் போவதை நான் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

"உன்னை வெச்சுக்க முடியாதப்பா" என்றார் மேனேஜர். அவர் மோசமானவர் அல்ல. நான் அவர் இடத்தில் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

அப்போது வாசலில் மீன் கூடைகளை இறக்கும் சத்தம் கேட்டது. அஞ்சலையும் இன்னும் நாலு பெண்களும் உள்ளே வந்தார்கள். யாரும் உட்காரச் சொல்லவில்லை, அவர்களும் எதிர்பார்க்கவில்லை.

"நேத்து எங்க குப்பத்த கொளுத்தப் பாத்தது உங்க வண்டிதானே?" என்றாள். மேனேஜர் எழுந்து நின்றுவிட்டார்.

"அந்த ஆளை வேலையை விட்டு நிறுத்திட்டேம்மா" என்றார்.

"நிறுத்திட்டு?"

"வேற ஆள் போடுவோம்."

"அவன் வந்து இன்னா சொல்லுவான்? அவனும் சுண்ணாம்புன்னுதான் சொல்லுவான். அவனுக்கும் வேல மேல பயம் இருக்கும்ல? பத்து ஆள மாத்துனாலும் பத்துப் பேரும் சுண்ணாம்புன்னுதான் சொல்லுவானுங்க." என் பக்கம் விரலை நீட்டினாள். "இவன் இனிமே சொல்ல மாட்டான். எங்களுக்கு இவன்தான் வோணும். எங்க வாசல் வழியா இன்னா போவுதுன்னு எங்களாண்ட நின்னு சொல்லிட்டுப் போவணும். அத்த எழுதிக்க."

மேனேஜர் என் மாமனாரைப் பார்த்தார். ஏன் அவரைப் பார்த்தார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. என் மாமனார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "அந்தம்மா சொல்றது நியாயமாத்தான் படுது" என்றார். புதன்கிழமை கல்யாணம் நடந்தது.

அதற்கடுத்த வாரம் மறுபடி கார்பைடு. பலகைகள் நன்றாகக் காய்ந்த பிறகு ஏற்றி, ஒவ்வொரு டிரம்மையும் கையால் தடவிப் பார்த்துக் கையெழுத்துப் போட்டேன். குப்பத்துக்கு முன்னால் லாரியை நிறுத்தச் சொல்லி இறங்கினேன். சாலையில் போகிறவர்கள் வேடிக்கை பார்க்க, கூச்சத்தில் காது சுட, குரலெடுத்துச் சொன்னேன்: "அக்கா! கார்பைடு! பதினெட்டு டிரம்! தண்ணி ஆகாது, நெருப்பு ஆகாது!"

அஞ்சலை வெளியே வந்தாள். என் வார்த்தையை நம்பிவிடுவாள் என்று எண்ணியிருந்தேன். அவள் நம்பவில்லை. லாரியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, சக்கரத்தில் கால் வைத்து ஏறி, பலகையில் உள்ளங்கையை அழுத்தி ஈரம் இருக்கிறதா என்று பார்த்தாள். மூக்கால் முகர்ந்தாள். குப்பத்தின் பெண்கள் எல்லாரும் வாசலில் நின்று அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், நானும் துலுக்காணமும்கூட. அவள் இறங்கி, கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

"ம். போ" என்றாள்.